கிரேக்க உரையாசிரியர் சிம்ப்ளிசியஸ்

கி.பி. 532-ஆம் ஆண்டில், மேற்கே உரோமப் பேரரசன் ஜஸ்டினியனும் கிழக்கே பாரசீகப் பேரரசன் குஸ்ருவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதற்கு 'முடிவிலா அமைதி' என்று பெயர் வழங்கிற்று. எட்டே ஆண்டுகளில் மீண்டும் போர் மூண்டது என்பதால் அப்பெயரை நாம் பெரிதாகக் கருத வேண்டுவதில்லை. உரோமர் 11,000 பவுண்டு எடையுள்ள பொன்னைப் பாரசீகருக்கு அளித்தனர்; எல்லைக் கோட்டைகள் சில கைமாறின. ஆனால் அந்த உடன்படிக்கையிலேயே, படையும் பொன்னும் பேசப்பட்ட இடத்தில், ஏழு ஆசிரியர்களைப் பற்றிய ஒரு விதியும் இடம்பெற்றது. அந்த எழுவரும் தம் ஊர்களுக்குத் திரும்பி அச்சமின்றி வாழலாம். தம் முன்னோர் வழிவந்த கொள்கையை விடுமாறு அவர்களை எவரும் வற்புறுத்தலாகாது. இவ்விதியைச் சேர்த்தாலன்றி அமைதிக்கு இசையேன் என்று பாரசீக மன்னன் நின்றான் என்பர்.

இச்செய்தியை நமக்குச் சொல்பவர் அகாத்தியஸ் என்னும் வரலாற்றாசிரியர். கான்ஸ்டாண்டிநோபிளில் வழக்கறிஞராக இருந்த இவர், அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதியவர். எழுவரின் பெயரையும் ஊரையும் இவர் தருகிறார். அவர்களுள் தலைமை சான்றவர் சிரியா நாட்டுத் தமாஸ்கியஸ். இரண்டாவதாகக் கூறப்படுபவர் சிலீசியா நாட்டுச் சிம்ப்ளிசியஸ். எழுவருள் அறிவுலகம் இன்று மிகுதியாகப் புரட்டும் ஏடுகள் இந்த இரண்டாமவருடையனவே. அவர் புதிய தத்துவம் ஒன்றையும் நிறுவவில்லை, பிறர் நூலுக்கு உரை எழுதினார், அவ்வளவே. உரையாசிரியர் என்னும் சொல்லின் பெருமையைத் தமிழ் பயின்றவர்க்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

சிலீசியா என்பது ஆசியா மைனரின் தென்கிழக்குக் கடற்கரைப் பகுதி. இன்றைய துருக்கி நாட்டில் அடங்கியது. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே பிறந்த சிம்ப்ளிசியஸ், கல்வியின் பொருட்டு எகிப்து நாட்டு அலெக்ஸாந்திரியா நகரை அடைந்தார். அங்கு ஹெர்மியாஸின் மகனான அம்மோனியஸ் அரிஸ்டாட்டிலின் நூல்களுக்குப் பாடம் சொல்லிவந்தார். அம்மோனியஸ் காலத்தோடு ஒத்துப்போகத் தெரிந்தவர். அந்நகரின் கிறிஸ்தவத் தலைமை ஆயரோடு ஏதோ ஓர் இணக்கம் செய்துகொண்டு தம் பள்ளியைக் காப்பாற்றினார் என்றும், அதில் பொருளாசையும் கலந்திருந்தது என்றும் தமாஸ்கியஸ் கடுமையாகக் குறை கூறுகிறார். குறை எத்தகையதாயினும், அப்பள்ளி பிழைத்தது; ஏதென்ஸ் பள்ளி பிழைக்கவில்லை. அம்மோனியஸிடம் கற்றபின் சிம்ப்ளிசியஸ் ஏதென்ஸ் சென்று தமாஸ்கியஸிடம் பயின்றார். இணங்கிப் போகும் ஆசிரியர் ஒருவர், இணங்க மறுக்கும் ஆசிரியர் ஒருவர் என இருவரிடமும் கற்ற மாணவர் இவர்.

ஏதென்ஸ் பள்ளியைப் பற்றிப் பரவலாக வழங்கும் ஒரு தவற்றை இங்கே நீக்கிவிடுதல் நலம். பிளேட்டோ கி.மு. 387-ஐ ஒட்டி நிறுவிய கழகம் தொள்ளாயிரம் ஆண்டுகள் இடையறாது நடந்து, ஜஸ்டினியனால் மூடப்பட்டது என்று பல நூல்களில் படிக்கிறோம். அழகிய கூற்றுத்தான், உண்மையன்று. கி.மு. 86-இல் உரோமத் தளபதி சுல்லா ஏதென்ஸைப் பிடித்த முற்றுகையில் கழகத் தோப்பின் மரங்கள் வெட்டப்பட்டுப் படைக்கருவிகள் ஆயின; பழைய கழகம் அத்துடன் முடிந்தது. கி.பி. 400-ஐ ஒட்டி ப்ளூடார்க் என்பவர் (வாழ்க்கை வரலாறுகள் எழுதிய ப்ளூடார்க் வேறு) பிளேட்டோவின் பெயரால் புதிதாக ஒரு பள்ளியைத் தொடங்கினார். கி.பி. 485-இல் மறைந்த புரோக்ளஸின் காலத்தில் அது புகழின் உச்சியில் இருந்தது. பிளேட்டோ விட்டுச்சென்ற தோட்டத்தின் வருவாய் 3 பொற்காசுகளே என்றும், பிற்கால அன்பர்கள் எழுதிவைத்த சொத்துகளால் அது 1,000 பொற்காசுகளுக்கு மேல் உயர்ந்தது என்றும் தமாஸ்கியஸ் எழுதுகிறார். அரசின் பொருளையோ திருச்சபையின் பொருளையோ எதிர்பாராமல் தன் காலில் நின்ற பள்ளி அது. அதனாலேயே அது பிறர் கண்ணை உறுத்தியிருக்கவும் கூடும்.

கி.பி. 529-இல், தேசியஸ் என்பவர் கான்சலாக இருந்த ஆண்டில், இனித் தத்துவம் கற்பிக்கலாகாது என்னும் ஆணையை ஜஸ்டினியன் ஏதென்ஸுக்கு அனுப்பினான் என்று மலாலாஸ் என்னும் குறிப்பாசிரியர் எழுதிவைத்தார். ஜஸ்டினியனது சட்டத் தொகுதியிலும், பழைய தெய்வங்களை வழிபடுவோர் எதனையும் கற்பித்தல் கூடாது என்ற விதி காணப்படுகிறது. யாரையும் சிறையில் இடவில்லை, நூலகத்தைக் கொளுத்தவில்லை. கற்பிக்கும் உரிமை போயிற்று. ஆசிரியன் ஒருவனுக்கு வேறென்ன வேண்டும் இழப்பதற்கு?

இந்நிலையில்தான் எழுவரும் பாரசீகம் சென்றனர். 531-இல் அரியணை ஏறிய குஸ்ருவைப் பற்றிச் செவிவழிச் செய்திகள் பல உலவின. அவன் பிளேட்டோவின் நூல்களைக் கற்றவன். தத்துவ ஞானியே அரசனாக வேண்டும் என்று பிளேட்டோ கண்ட கனவு அங்கே நனவாகிவிட்டது. அந்நாட்டில் கள்வர் இல்லை. கதவுக்குத் தாழ் வேண்டுவதில்லை. இவ்வாறெல்லாம் பேசப்பட்டது. வடநாட்டில் வாழும் தமிழருக்கு இம்மன்னன் முற்றிலும் புதியவன் அல்லன். பாரசீக, உருதுக் கதைகளில் நீதிக்கு உறைவிடமாகக் கூறப்படும் நௌஷீர்வான் இவனே. நம் பஞ்சதந்திரக் கதைகள் பாலவி மொழியில் பெயர்க்கப்பட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டதும் இவன் காலத்திலேதான்.

டைக்ரிஸ் ஆற்றங்கரையில் இருந்த தலைநகரான டெஸிபோனை அடைந்தவர்கள் கண்டது வேறு. கள்வர் இருந்தனர், எளியாரை வலியார் வருத்தினர், பிறன்மனை நயத்தல் மலிந்திருந்தது. மன்னனோ ஆர்வம் உடையவன், ஆழம் இல்லாதவன். மனம் உடைந்த எழுவரும், அவன் வேண்டி நிறுத்தியும் கேளாது, நாடு திரும்ப விழைந்தனர் என்பது அகாத்தியஸ் கூற்று. இக்கூற்றை அப்படியே நம்புவதற்கில்லை. அகாத்தியஸுக்குக் குஸ்ருவின் மேல் பொறாமை கலந்த வெறுப்பு உண்டு. 'காட்டுமிராண்டி' மன்னன் ஒருவனைத் தத்துவ அறிஞன் என்று உரோமரே புகழ்வது அவருக்குப் பொறுக்கவில்லை. எழுவருள் ஒருவரான லிடியா நாட்டுப் பிரிஸ்கியன், மன்னன் எழுப்பிய ஐயங்களுக்கு எழுதிய விடைகள் இலத்தீன் மொழிபெயர்ப்பில் இன்றும் கிடைக்கின்றன. ஆன்மா, உறக்கம், கனவு, கடலின் ஏற்றவற்றம், காற்று, பாம்பின் நஞ்சு ஆகியவை பற்றிய கேள்விகள் அவை. இத்தகைய கேள்விகளைத் தொடுப்பவனை அறிவிலி என்று தள்ளிவிட முடியுமா? மேலும், தன்னை விட்டுப் போகிறவர்களின் பாதுகாப்புக்காக உடன்படிக்கையில் ஒரு விதியை எழுதச் செய்தவன் அவன். அந்த ஒரு செயலுக்காகவேனும் நௌஷீர்வான் என்ற பெயர் அவனுக்குத் தகும்.

திரும்பிய எழுவரும் எங்கே தங்கினர்? தமாஸ்கியஸ் பற்றி ஒரு கல் சான்று கூறுகிறது. சிரியா நாட்டு எமெசா நகரில் கிடைத்த, கி.பி. 538-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்லறைக் கல்வெட்டு ஒன்றில், அடிமைப் பெண் ஒருத்தியின் நினைவாகப் பொறித்த சிறு பாடல் உள்ளது. அதே பாடல் பழைய கிரேக்கத் தொகைநூல் ஒன்றில் தமாஸ்கியஸ் பெயரால் காணப்படுகிறது. எனவே முதிய வயதில் அவர் தம் பிறந்த நாட்டை அடைந்தார் என்று கொள்ளலாம். சிம்ப்ளிசியஸ் பற்றி அறிஞர்கள் உடன்படவில்லை. இன்றைய துருக்கியின் தென்னெல்லையில் உள்ள ஹர்ரான் நகரில் அவர் தங்கினார் என்று மிஷேல் தார்தியூ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1980களில் வாதிட்டார். பழைய தெய்வ வழிபாடு இஸ்லாமிய ஆட்சிக் காலத்திலும் நீடித்த நகரம் அது. வேறு சிலர் அதனை மறுப்பர். சிம்ப்ளிசியஸ் தம் உரைகளில் எடுத்தாளும் நூல்களின் தொகையைப் பார்த்தால், பெரிய நூலகம் ஒன்று அவர் கைக்கு எட்டியிருக்க வேண்டும்; அத்தகைய நூலகம் ஏதென்ஸில் அன்றி எல்லைப்புற நகரில் ஏது என்பது அவர்கள் வினா. ஊர் பெயர்ந்து வாழ்வோர் எவரும் இவ்வினாவின் எடையை அறிவர். எந்த நூலை எடுத்துச் செல்வது, எதனை விட்டுச் செல்வது என்று நின்ற நேரம் அவர்களுக்கும் இருந்திருக்கும். எவ்வாறாயினும், அவருக்கு மாணவர் கூட்டம் இருந்ததற்கு அடையாளம் இல்லை. அம்மோனியஸின் உரைகள் பெரும்பாலும் வகுப்பில் அவர் சொல்ல மாணவர் எழுதிக்கொண்ட குறிப்புகள். சிம்ப்ளிசியஸின் உரைகளோ கேட்பாருக்காக அன்றி, எங்கோ என்றோ இருந்து படிக்கப்போகும் ஒருவருக்காக எழுதியவை போலத் தோன்றுகின்றன.

அவருடைய நூல்களுள் சிறியது, எபிக்டெட்டஸின் கையேட்டுக்கு எழுதிய உரை. எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்து, விடுதலை பெற்று, உரோமில் ஆசிரியராக விளங்கியவர். நம் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்தறிதலே அவர் போதனையின் தொடக்கம். பிளேட்டோவின் வழிவந்த சிம்ப்ளிசியஸ், வேறு மரபைச் சேர்ந்த இந்நூலைத் தேர்ந்ததில் வியப்பில்லை. கெட்ட ஆட்சியில் அகப்பட்ட நல்லவன் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி அதன் ஓரிடத்தில் எழுகிறது. இயன்றால் வேறிடம் செல்லலாம் என்று கூறி, தொமிஷியன் ஆட்சியில் உரோமை நீத்து நிக்கோபோலிஸ் நகரை அடைந்த எபிக்டெட்டஸையே சான்றாகக் காட்டுகிறார். இயலாவிடின், புயலில் அகப்பட்டவன் சுவரோரம் ஒதுங்கி நிற்பதுபோல ஒதுங்கி, தன்னையும் தன்னை அடுத்தவரையும் காத்துக்கொள்ள வேண்டும். சுவர் உவமை பிளேட்டோவினுடையது. அதனை எடுத்தாளும் தேவை உரையாசிரியருடையது. நூலின் முடிவில், கொடுங்கோன்மை சூழ்ந்த வேளையில் இவ்வுரையை எழுதியது தமக்கே பயன்பட்டது என்று அடக்கமாக ஒரு சொல் சொல்லி, இறைவனை வேண்டி நிறைவு செய்கிறார். தம்மைப் பற்றி அவர் மனம் திறந்து பேசும் இடங்கள் மிகச் சில. இஃது அவற்றுள் ஒன்று.

இனிப் பெரிய உரைகளுக்கு வருவோம். அரிஸ்டாட்டிலின் 'வானம் பற்றி' என்னும் நூலுக்கும், 'இயற்கையியல்' நூலுக்கும், 'பதார்த்தங்கள்' நூலுக்கும் அவர் எழுதிய உரைகள் முழுமையாகவோ பெரும்பாலுமோ கிடைத்துள்ளன. 'ஆன்மா பற்றி' நூலுரை ஒன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அது பிரிஸ்கியனுடையதாக இருக்கலாம் என்று ஐயுறுவர். இயற்கையியல் உரை மட்டுமே பெர்லின் பதிப்பில் 1,300 பக்கங்களுக்கு மேல் செல்கிறது. உரையாசிரியனுக்கு வேண்டிய தகுதிகளைப் பதார்த்தங்கள் உரையின் முன்னுரையில் வகுத்துரைக்கிறார். ஆசிரியன் எழுதிய அனைத்தையும் அவன் அறிந்திருக்க வேண்டும், சொல்வழக்கில் தேர்ச்சி வேண்டும், நடுவுநிலை வேண்டும். நன்றாகச் சொன்னதைப் புரிந்துகொள்ளாமல் பிழை என்று தள்ளலாகாது. அரிஸ்டாட்டிலின் பள்ளியில் பெயர் பதிந்துகொண்டவன்போல, அவர் எங்குமே தவறவில்லை என்று சாதிக்கவும் கூடாது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இவ்விலக்கணத்தில் இன்று நாம் கூட்ட வேண்டுவது சிறிதே.

அரிஸ்டாட்டில் தம் நூலில் முன்னோர் பலரது கொள்கைகளைச் சுருக்கமாகக் கூறி மறுத்துச் செல்வார். வேறொருவராயின் அச்சுருக்கத்தை விளக்கி அமைந்திருப்பர். சிம்ப்ளிசியஸ் அந்த முன்னோரின் மூல நூலையே தேடி எடுத்து, அவர் சொற்களை அப்படியே எழுதிக்காட்டினார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் தென் இத்தாலியின் எலியா நகரில் வாழ்ந்த பார்மெனிடிஸ், உள்பொருள் ஒன்றே, அதற்குப் பிறப்பும் இறப்பும் இல்லை என்று செய்யுளில் நிறுவியவர். அச்செய்யுளில் இன்று எஞ்சியவை ஏறத்தாழ 160 அடிகள். அவற்றுள் வாதத்தின் உயிர்நிலையான ஐம்பதுக்கு மேற்பட்ட அடிகளைத் தொடர்ச்சியாகத் தருவது சிம்ப்ளிசியஸின் இயற்கையியல் உரை. இவ்வளவு நீளமாக எழுதுவது சலிப்புத் தரலாகாதே என்று தயங்குபவர், தாம் சொல்வதற்குச் சான்றாகவும், பார்மெனிடிஸின் நூல் கிடைத்தற்கு அரிதாகிவிட்டமையாலும் எழுதுவதாகக் காரணம் கூறுகிறார். அவர் கையில் இருந்த ஏட்டுக்குப் பின்னர் அந்நூலைக் கண்டவர் எவரும் இல்லை.

அனாக்ஸகோரஸின் நூலை எடுத்துக்கொள்வோம். சாக்ரட்டீஸ் வழக்கு மன்றத்தில் பேசியதாகப் பிளேட்டோ எழுதிய நூலில், அனாக்ஸகோரஸின் ஏட்டை யாரும் ஒரு திராக்மாவுக்கு வாங்கிவிடலாம் என்ற குறிப்பு வருகிறது. ஒரு திராக்மா என்பது ஏறத்தாழக் கைவினைஞன் ஒருவனின் ஒருநாட் கூலி. கடைத்தெருவில் அவ்வளவு மலிவாக விற்ற நூலில் இன்று நம்மிடம் உள்ள வாசகங்கள் ஏறக்குறைய அனைத்தும் சிம்ப்ளிசியஸ் எழுதிவைத்தவை. மிலீட்டஸ் நகரத்து அனாக்ஸிமாந்தர் எழுதியவற்றுள் எஞ்சிய ஒரே வாக்கியமும் அவ்வாறே. தோன்றிய பொருள்கள் மறைவதையும், காலத்தின் கட்டளைப்படி அவை ஒன்றுக்கொன்று ஈடு செலுத்துவதையும் கூறும் அவ்வாக்கியத்தை எழுதிவிட்டு, இவர் சற்றுக் கவிதை நடையில் பேசுகிறார் என்று ஒரு குறிப்பும் தருகிறார் உரையாசிரியர்.

இவ்வாறு எடுத்தெழுதியவர் நம்பத்தக்கவரா என்ற ஐயம் எழலாம். எம்பிடோக்ளிஸின் செய்யுள் வழியாக அதற்கு விடை கிடைத்தது. எகிப்தில் 1904-இல் வாங்கப்பட்டு, பிரான்ஸ் நாட்டு ஸ்திராஸ்பூர் நூலகத்தில் கிடந்த பாப்பிரஸ் துண்டுகள், எம்பிடோக்ளிஸின் நூலைச் சேர்ந்தவை என்று கண்டு 1999-இல் வெளியிடப்பட்டன. சிம்ப்ளிசியஸ் எழுதிக்காட்டிய நீண்ட பகுதி ஒன்றின் கடைசி அடிகள் அத்துண்டில் இருந்தன. அதற்குமேல் அவர் எழுதாது விட்ட அடிகளும் தொடர்ந்து வந்தன. பல நூற்றாண்டுகள் மணலில் கிடந்த ஏடும், உரையாசிரியரின் மேற்கோளும் ஓரிடத்தில் வந்து சேர்ந்தன.

கணிதத்திற்கும் அவர் செய்த உதவி பெரிது. கியாஸ் தீவைச் சேர்ந்த ஹிப்போக்ரட்டீஸ் (மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸ் வேறு) பிறை வடிவங்களுக்குச் சமமான சதுரம் காணும் முறையை வகுத்தார். அதனை அரிஸ்டாட்டிலின் மாணவர் யூடீமஸ் எழுதிவைக்க, அந்த நூலும் அழிய, சிம்ப்ளிசியஸின் உரையில் மட்டும் அப்பகுதி நிலைத்தது. யூடீமஸ் பழைய முறைப்படி மிகச் சுருக்கமாக எழுதியிருப்பதால், தெளிவுக்காக யூக்ளிடிலிருந்து சிலவற்றைச் சேர்த்தேன் என்று சொல்லியே சேர்க்கிறார். எங்கே யூடீமஸ் முடிகிறார், எங்கே சிம்ப்ளிசியஸ் தொடங்குகிறார் என்று பிரித்துக்காட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணித வரலாற்றாசிரியர்கள் பட்ட பாடு தனிக்கதை. யூடாக்ஸஸ் என்பவர் கதிர், திங்கள், ஐங்கோள்கள், விண்மீன்கள் ஆகியவற்றின் இயக்கத்தை 27 கோளங்களைக் கொண்டு விளக்கிய முறையும் 'வானம் பற்றி' நூலுரையில் விரிவாகக் கிடைக்கிறது. அதனைக் கொண்டுதான் இத்தாலிய வானியல் அறிஞர் ஸ்கியாபரெல்லி 1875-இல் அம்முறையை மீண்டும் கட்டி எழுப்பினார்.

குறைகளும் உண்டு. பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் ஒன்றையே சொன்னார்கள், வேறுபாடு சொல்லளவில்தான் என்று நிறுவ அவர் செய்யும் முயற்சி பல இடங்களில் வலிந்து கொள்ளும் பொருளாகவே முடிகிறது. ஆர்க்கிட்டஸ் என்னும் பழம் பைத்தகோரியரின் பெயரால் பிற்காலத்தார் புனைந்த போலி நூல் ஒன்றை உண்மையென நம்பி, அரிஸ்டாட்டிலே அதிலிருந்து பதார்த்தங்களைக் கற்றார் என்று எழுதிவிட்டார். மூல ஏடுகளை இவ்வளவு தேடியவர் இங்கே ஏமாந்தது வருந்தத்தக்கது.

சினமும் உண்டு. அச்சினம் முழுவதும் ஒரே ஒருவர்மேல் பாய்ந்தது. அலெக்ஸாந்திரியா நகரத்து ஜான் பிலோபோனஸும் அம்மோனியஸின் மாணவரே, சமயத்தால் கிறிஸ்தவர். உலகம் தோற்றமும் முடிவும் உடையது என்றும், வானுலகப் பொருளும் இவ்வுலகப் பொருளும் வேறல்ல என்றும் அரிஸ்டாட்டிலை மறுத்து அவர் ஒரு நூல் எழுதினார். வானத்தைத் தெய்வத்தன்மை உடையதாக வழிபட்ட சிம்ப்ளிசியஸுக்கு இது பொறுக்கலாகாத இழிவாகத் தோன்றிற்று. எதிரியின் பெயரைச் சொல்லவும் கூசி, 'இலக்கண ஆசிரியன்' என்றே சுட்டுகிறார். அந்த மனிதரை நான் கண்டதும் இல்லை, எனக்கு அவரோடு தனிப்பகை ஏதும் இல்லை என்று சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாக வசை பொழிகிறார். வாதத்தில் வென்றவர் யார் என்று இன்று கேட்டால், வானப் பொருளைப் பற்றிப் பிலோபோனஸ் சொன்னதே உண்மைக்கு அண்மையது என்று கூறத் தயங்க வேண்டியதில்லை. ஆயினும் சிம்ப்ளிசியஸ் ஒன்று செய்தார். மறுக்கவேண்டிய ஒவ்வொரு பகுதியையும் எதிரியின் சொல்லிலேயே எழுதிவைத்து, அதன்பின் மறுத்தார். பிலோபோனஸின் கிரேக்க நூல் பின்னர் அழிந்தது. அவரும் இறந்து நூறாண்டு கழித்து 680-81-இல் சபையால் சமயப் பிழையாளர் என்று கண்டிக்கப்பட்டார். 1987-இல் கிறிஸ்டியன் வில்ட்பெர்க் என்னும் அறிஞர் அந்நூலின் பகுதிகளைத் திரட்டி ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அவற்றுள் பெரும்பங்கு வந்த இடம் எதிரியின் உரைநூலே.

இந்தப் பகைக்கு வரலாறு ஒரு பின்குறிப்பும் எழுதிற்று. கலீலியோ 1632-இல் வெளியிட்ட உரையாடல் நூலில் பழைய கொள்கைக்காக வாதாடித் தோற்கும் பாத்திரத்தின் பெயர் சிம்ப்ளிசியோ. உரையாசிரியர் சிம்ப்ளிசியஸ்மேல் அப்பாத்திரம் கொண்ட பற்றினால் அப்பெயரிட்டதாக முன்னுரையில் கலீலியோ கூறுகிறார். இத்தாலிய மொழியில் அப்பெயர் 'அறியாதவன்' என்றும் ஒலிக்கும். அதனை அறியாமலா கலீலியோ வைத்தார்? எத்தனையோ பேருடைய சொல்லைக் காத்தவரின் பெயர் இவ்வாறு ஏளனத்துக்கு இலக்கானது.

அவர் ஏடுகளின் பின்வரலாறும் கேட்கத் தகுந்தது. பதிமூன்றாம் நூற்றாண்டில் மேர்பெக்கே ஊரைச் சேர்ந்த வில்லியம் என்னும் துறவி பதார்த்தங்கள் உரையை 1266-இலும், வானம் பற்றிய உரையை 1271-இலும் இலத்தீனில் பெயர்த்தார். தாமஸ் அக்குவைனஸ் அவற்றைப் பயன்படுத்தினார். 1526-இல் வெனிஸ் நகரத்துப் புகழ்பெற்ற ஆல்டஸ் அச்சகம் வானம் பற்றிய உரையைக் கிரேக்கத்தில் அச்சிட்டது. முந்நூறாண்டுக் காலம் அறிஞர்கள் அதனையே மூலம் என்று படித்தனர். 1810-இல் துரின் நகரத்துச் சுவடி ஒன்றோடு அதனை ஒப்பிட்ட அமெதியோ பெய்ரோன் என்னும் அறிஞர் உண்மையைக் கண்டார். அச்சில் இருந்தது சிம்ப்ளிசியஸ் எழுதிய கிரேக்கம் அன்று; மேர்பெக்கே வில்லியத்தின் இலத்தீனை யாரோ ஒருவர் மீண்டும் கிரேக்கத்தில் பெயர்த்து வைத்தது! பார்மெனிடிஸ், எம்பிடோக்ளிஸ் ஆகியோரின் உண்மையான அடிகளை அச்சுவடியிலிருந்து எடுத்து அவர் அதே ஆண்டில் வெளியிட்டார்.

அதன்பின் பெர்லின் அறிவியல் கழகம், அரிஸ்டாட்டிலின் கிரேக்க உரைகள் அனைத்தையும் 1882 முதல் 1909 வரை 23 தொகுதிகளாகப் பதிப்பித்தது. வானம் பற்றிய உரையை ஹைபெர்க் 1894-இலும், பதார்த்தங்கள் உரையைக் கால்ப்ஃபிளைஷ் 1907-இலும் கொணர்ந்தனர். இயற்கையியல் உரையை 1882-இலும் 1895-இலும் இரு தொகுதிகளாகப் பதிப்பித்தவர் ஹெர்மன் தீல்ஸ். அப்பணியில் பயின்ற கையோடு, சாக்ரட்டீஸுக்கு முற்பட்ட தத்துவ அறிஞரின் எஞ்சிய வாசகங்கள் அனைத்தையும் திரட்டி 1903-இல் அவர் வெளியிட்ட நூலே இன்றுவரை அத்துறையின் அடிப்படை. 1987 முதல் லண்டனில் ரிச்சர்ட் சொராப்ஜி தொடங்கிய வரிசையில் இவ்வுரைகள் ஆங்கிலத்திலும் வந்துள்ளன; வரிசை நூறு தொகுதிகளைக் கடந்துவிட்டது.

தீல்ஸ் பதிப்பின் முதல் தொகுதியில், 144-ஆம் பக்கத்தின் அடியில், நூல் அரிதாகிவிட்டமையால் எழுதுகிறேன் என்று சிம்ப்ளிசியஸ் பொறுத்தருள வேண்டும் இடம் வருகிறது. பார்மெனிடிஸின் அடிகள் அடுத்த பக்கத்தில் தொடங்குகின்றன.